ஒன்பது அங்குலம் குறைந்த வீடு

எனக்கு அளவு தெரியும், பேய் தெரியாது. ஆக்லாந்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பழைய வீடுகளை அளந்து வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு. ஆளில்லாத வீடு, ஆள் செத்து மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு, எரிந்து பாதி நின்ற வீடு என்று எத்தனையோ வீடுகளுக்குள் தனியாக நின்றிருக்கிறேன். கதவு தானாக ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது என்று நோட்டில் எழுதுவேன். மாடியில் நடக்கிற சத்தம் கேட்டால் போஸம் என்று எழுதுவேன், அந்த மிருகம் கூரைக்குள் குடும்பமே நடத்தும். அவ்வளவுதான் என் பயம்.

இதைப் படித்துவிட்டு என்ன சொல்வீர்கள் என்று தெரியும். பேய் இல்லை என்று சொல்லுங்கள், எனக்குக் கோபமே வராது, நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அளவைத் தப்பாகப் படித்திருப்பாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைப் போதுமான பேர் சொல்லிவிட்டார்கள்.

வீடு ஆக்லாந்தின் தெற்கு ஓரத்தில், தகனினியில். சுற்றிலும் ஒரே அச்சில் வார்த்த புது வீடுகள், சாம்பல் நிற கேரேஜ் கதவுகள், வேலிக்கு வேலி டிராம்போலின், அந்தப் பக்கம் மோட்டார்வேயின் ஓயாத இரைச்சல். நடுவில் ஒரு காலத்தில் பால்பண்ணையாக இருந்த நிலத்தின் கடைசித் துண்டு, அதில் இந்த ஒரு மரவீடு, கூட்டத்தில் வழி தவறிய பசு மாதிரி. செங்கல் என்றால் புகைபோக்கிக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் கௌரி மரம். நம் ஊருக்குத் தேக்கு எப்படியோ அப்படி இந்த ஊருக்குக் கௌரி, இப்போது வெட்டவே கூடாது, அப்போது காடு காடாக வெட்டினார்கள்.

முதலில் கட்டியவன் இரண்டே அறைதான் கட்டியிருக்கிறான். பலகைகளை ஒரு ஆள் மேலே, ஒரு ஆள் குழிக்குள்ளே நின்று அறுத்திருக்கிறார்கள், ரம்பத்தின் பல் பட்ட கோடு இன்னும் தெரிகிறது. சட்டங்களைத் தரையில் கிடத்தி, மூட்டு மூட்டாகப் பொருத்திப் பார்த்து, எந்த மூட்டுக்கு எது என்று உளியால் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று கொத்தி, பிரித்து, திரும்ப நிறுத்தியிருக்கிறான். அந்த உளிக்குறிகளைத் தடவிப் பார்த்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், ஒருவன் எண்ணுவதைப் பக்கத்தில் நின்று கேட்டது போல இருந்தது. பிறகு மாடு பெருகியிருக்கிறது, காசு வந்திருக்கிறது, முன்னால் பெரிய அறைகள், நடுவே நீண்ட நடை, வராண்டாவுக்கு மரத்தில் வெட்டிய பூவேலை. உள்சுவரில் பலகைமேல் சாக்குத்துணி, அதன்மேல் வால்பேப்பர், அதன்மேல் இன்னொரு வால்பேப்பர். சுவரைத் தட்டினால் சத்தம் எழும்பாது, துணி விழுங்கிவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியவர் பெயர் செல்வா. மலேசியாவில் கிள்ளான் பக்கம், நாற்பது வயது, நல்ல மனிதர்தான், பார்த்தவுடன் கோப்பி வாங்கிக் கொடுத்தார். இடித்துவிட்டு ஆறு டவுன்ஹவுஸ் கட்ட வேண்டும். பழைய வீடு என்பதால் முதலில் அளந்து, வரைந்து, அதற்கு மதிப்பு உண்டா இல்லையா என்று எங்கள் அலுவலகம் எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பு இல்லை என்றால் மறுநாளே டிக்கர் இயந்திரம் வந்து நசுக்கிவிடும். உண்டு என்றால் வீட்டை நடுவில் அறுத்து, இரண்டு லாரியில் ஏற்றி, வேறு நிலத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இந்த ஊரில் அது சாதாரணம், வீடுகள் இங்கே குடி பெயரும்.

"பழைய பலகைதான்லா அக்கா, எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுச்சு," என்றார் செல்வா. அந்த உளிக்குறிகளைக் காட்டினேன். போனில் படம் எடுத்துக்கொண்டார், பாவம், மனைவிக்கு அனுப்பினார், பிறகும் அதையேதான் சொன்னார்.

எங்கள் வேலை இரண்டு பேர் வேலை. ஒருவர் டேப்பின் நுனியைச் சுவரில் வைத்துப் பிடிப்பார், இன்னொருவர் இந்தப் பக்கம் அளவைப் படிப்பார். படித்த எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், பிடித்தவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், எழுத வேண்டும், பிறகு "விடுங்க" என்றால் அவர் விடுவார், டேப் சரசரவென்று ஓடி வந்து பெட்டிக்குள் சுருளும். என்னோடு பதினோரு வருஷமாக நுனியைப் பிடிப்பவர் கேதீஸ் அண்ணன், ஊரின் மேற்கே ரானுயியில் இருக்கிறார், யாழ்ப்பாணத்தில் தச்சுவேலை செய்தவர், அறுபது தாண்டிவிட்டது. அவரிடம் ஒரு வழக்கம், நான் சொல்கிற எண் பிழை என்று பட்டால் விடவே மாட்டார். நான் எத்தனை தடவை விடுங்க என்றாலும் நுனியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பார். திரும்பப் பார்ப்பேன், நூறுக்கு ஒரு தடவை பிழை இருக்கும். அந்த ஒரு தடவைக்காக அவரைக் கும்பிடலாம்.

அன்றைக்கு அவர் வரவில்லை. முழங்காலுக்கு ஸ்கேன். நான் மட்டும் போனேன். காலையில் லேசர் கருவியால் வெளிச்சுவர் முழுக்க அளந்து முடித்தேன், மத்தியானம் பேட்டரி செத்துவிட்டது. சரி, டேப் இருக்கிறது, உள்ளே தனியாகவே அளந்துவிடலாம் என்று நுழைந்தேன்.

தனியாக அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. அந்த வீட்டு அறைகளில் சுவரைச் சுற்றி நெஞ்சுயரத்தில் ஒரு மரச்சட்டம் ஓடியது. டேப்பின் கொக்கியை அதில் மாட்டிவிட்டு, எதிர்ச் சுவருக்கு நடந்து, அளவைப் படித்து, டேப்பை உதற வேண்டும். இரண்டு மூன்று உதறலில் சில சமயம் கழன்று வரும். பெரும்பாலும் வராது, நாம்தான் திட்டிக்கொண்டே திரும்பப் போய்க் கழற்ற வேண்டும். ஜன்னல்களில் பிளைவுட் அடித்திருந்தார்கள். வாசல் வழியாக வந்த வெயில் நடையில் பாதியோடு நின்றுவிட்டது. என் தலையில் கட்டிய விளக்கு நான் படிக்கிற எண்ணுக்குத்தான் போதும், எதிர்ச் சுவர் வெறும் இருட்டு.

முதல் அறை. மாட்டினேன், நடந்தேன், படித்தேன், பழக்கம் விடவில்லை, எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். திரும்ப வந்தது என் எண். வெறும் வீடு, எதிரொலி என்று நினைத்தேன். எழுதினேன். "விடுங்க" என்றேன். டேப் ஓடி வந்தது. அடுத்தது. அடுத்த அறை. வேலை அவ்வளவு சுலபமாகப் போயிற்று, மனம் எங்கெங்கோ போயிற்று, சாயங்காலம் த்ரீ கிங்ஸில் வீட்டுக்குப் போகிற வழியில் பால் வாங்க வேண்டும், மகள் கார் கேட்டிருக்கிறாள், இந்த வால்பேப்பரில் இருப்பது மயிலா கோழியா. ஆறு அறை, பன்னிரண்டு அளவு. பன்னிரண்டு தடவை "விடுங்க." பன்னிரண்டு தடவை டேப் வந்தது.

கடைசியாக நடை. பின்பக்கச் சமையலறைக் கதவிலிருந்து முன்வாசல் வரை நீளம். வாசலில் நின்று குனிந்து படித்தேன், 7085. ஏழு மீட்டர், கொஞ்சம். வாய் திறந்து சொல்லப் போனேன், அப்போதுதான் கண்ணில் பட்டது. நடையில் மரச்சட்டம் கிடையாது. அறைகளில்தான் உண்டு. நடையின் சுவர் இரண்டு பக்கமும், கடைசியிலும், வால்பேப்பர் ஒட்டிய வெறும் பரப்பு.

அப்படியானால் கொக்கியை எதில் மாட்டினேன்?

நினைத்துப் பார்த்தேன். மாட்டவே இல்லை. நம்பினால் நம்புங்கள், சமையலறையிலிருந்து வெளியே வரும்போது, நோட்டைப் பார்த்துக்கொண்டே, நுனியை ஒரு கையில் பிடித்துப் பக்கவாட்டில் நீட்டினேன், பதினோரு வருஷமாகக் கேதீஸ் அண்ணனிடம் நீட்டுகிற மாதிரி. கையிலிருந்து வாங்கிக்கொண்டதும் நடந்து வந்துவிட்டேன். வாங்கிக்கொண்டதும்.

அப்புறம்தான் மற்றது. பன்னிரண்டு அளவில் ஒரு தடவைகூட நான் திரும்ப நடந்து போய்க் கொக்கியைக் கழற்றவில்லை. ஒரு தடவைகூட உதறவில்லை. சாக்குத்துணி ஒட்டிய அந்தச் சுவர்களில் எதிரொலியும் வராது.

என் பின்னால் வெயில், பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை டிராம்போலினில் குதிக்கிற கிறீச் கிறீச், மோட்டார்வே. என் முன்னால் மஞ்சள் டேப், நெஞ்சுயரத்தில், நடுவில் கொஞ்சம் தொய்ந்து, இருட்டுக்குள் போய் முடிகிறது. பெட்டியின் பூட்டிலிருந்து கட்டைவிரலை எடுத்தேன். ஸ்பிரிங் இழுக்க வேண்டும், ஓடி வர வேண்டும். வரவில்லை. மெல்ல ஒரு இழுப்பு இழுத்தேன். இரண்டு விரற்கடை வந்தது, பிறகு அந்தப் பக்கம் இழுத்துச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டது. அதில் முரட்டுத்தனம் எதுவும் இல்லை. வேலை தெரிந்த கை. நான் பிடித்திருக்கிறேன், நீ ஒழுங்காகப் படி என்கிற கை.

நான் எண்ணைச் சொல்லவில்லை. விடுங்க என்றும் சொல்லவில்லை. பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுக் காருக்குப் போனேன். ஓடவில்லை, நடந்தேன்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

மறுநாள் வரைபடம் போட உட்கார்ந்தேன். வெளி அளவிலிருந்து சுவர்களின் கனத்தைக் கழித்தால் உள் அளவு வர வேண்டும், இதைத்தான் நாங்கள் கணக்கு மூடுவது என்போம். மூடவில்லை. பன்னிரண்டடி அறை 3658 இருக்க வேண்டிய இடத்தில் என் நோட்டில் 3428. பத்தடி அறை 3048க்குப் பதில் 2818. நடை 7315க்குப் பதில் 7085. எல்லாவற்றிலும் அதே குறை, 230 மில்லிமீட்டர், ஒன்பது அங்குலம். தப்பாகப் படிக்கிறவள் ஒரு இடத்தில் ஐந்து விடுவாள், ஒரு இடத்தில் ஐம்பது விடுவாள். பதின்மூன்று அளவிலும் ஒரே தப்பை ஒரே அளவுக்கு யாராவது செய்வார்களா?

முதலாளி கேதீஸ் அண்ணனை லேசரோடு அனுப்பினார். அவர் அளந்தது அச்சாக மூடியது. எனக்காகப் பரிந்து, முதலாளியிடம் ஒரு காரணமும் சொல்லிவிட்டு வந்தார். இவ படிச்சது திருச்சியில், அங்கே சுவர் எல்லாம் ஒன்பது அங்குலச் செங்கல், படிப்பும் கையும் அதிலேயே பழகினது, தன்னையறியாமல் ஒவ்வொரு அறைக்கும் ஒரு செங்கல் சுவரைக் கழித்துவிட்டிருக்கிறா, களைப்பு. முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அலுவலகமே சிரித்தது, அன்பாகத்தான், அதுதான் தாங்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் மரவீடு அளந்திருக்கிறேன். இந்த ஊர்ச் சுவரின் கனம் என் உள்ளங்கை அகலம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் தலைக்குள் இன்னும் திருச்சியின் செங்கல்தான் அடுக்கியிருக்கிறது என்று ஒருவர் நினைக்க, இன்னொருவர் தலையாட்ட, நான் அங்கேயே உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

செல்வாவுக்கும் செய்தி போயிற்று. அவர் கெட்டிக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். அளவே சரியாக எடுக்கத் தெரியாதவங்க, மரம் பழசு, மூட்டு அபூர்வம்னு எழுதினா அதை எப்படி நம்புறது, முழு ரிப்போர்ட்டையும் தள்ளுங்க, நான் வேற ஆளை வச்சுக்கிறேன் என்று எழுதினார். வேறு ஆள் என்ன எழுதுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று மாலை கேதீஸ் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார், டேப்பைத் திருப்பிக் கொடுக்க.

"தங்கச்சி, குறை நினையாதையுங்கோ. அந்த மனுசனுக்கு ஒரு காரணம் வேணும், நான் குடுத்தன்," என்றார்.

"டேப் எங்கண்ணே கிடந்துச்சு?"

"பின்னுக்கு. சமையலறைக் கதவடியிலை."

நான் வைத்தது முன்வாசலில். அதை அவரிடம் சொல்லவில்லை. என் அறைச் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கச் சொன்னேன். நுனியை அவர் கையில் கொடுத்தேன், எப்போதும் பிடிக்கிற மாதிரி நெஞ்சுக்கு முன்னால் பிடியுங்கள் என்றேன். எதிர்ச் சுவருக்குப் போய்ப் படித்தேன். அறையின் உண்மையான நீளத்தைவிடப் பத்தரை அங்குலம் குறைந்தது. அண்ணன் கொஞ்சம் பருத்த ஆள்.

"மெலிஞ்ச ஆளாக இருந்தா?" என்று கேட்டேன்.

அவர் சுவரைவிட்டு நகரவில்லை. நுனியைக் கீழே போடவும் இல்லை. "ஓம், ஒன்பது வரும்," என்றார். பிறகு, "இதை ஒருத்தரோடையும் கதையாதையுங்கோ. கதைச்சா வீட்டை உடைச்சுப்போடுவாங்கள்," என்றார். தேநீர் குடிக்காமல் போய்விட்டார்.

அவர் சொன்னது சரிதான். எங்கள் அளவுத்தாளில் கீழே இரண்டு கட்டம் உண்டு. படித்தவர் என்று ஒன்று, பிடித்தவர் என்று ஒன்று. என் பழைய தாளில் இரண்டாவது கட்டம் காலியாக இருந்தது. முதலாளி புதுத் தாளை நீட்டினார், அண்ணன் லேசரில் எடுத்த அளவுகள் அதில், பிடித்தவர் கட்டத்தில் அண்ணன் பெயர், என் பெயர் மேலே. முந்தைய அளவுகள் என் கவனக்குறைவு என்று ஒரு வரி. அதில் கையெழுத்துப் போட்டால் ரிப்போர்ட் நிற்கும், வீடு பிழைக்கும். போடாவிட்டால் நான் சரியாகப் படித்தேன் என்பது நிற்கும், வீடு நசுங்கும். அந்தப் பதின்மூன்று அளவும் சரியான அளவுதான். அந்த மத்தியானம் அந்த அறைகள் அவ்வளவுதான் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் சுவரோடு நின்றார். கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாகவே எழுதியது.

வீட்டை வடக்கே யாரோ பண்ணைக்காரர் எடுத்துக்கொண்டார். ஏற்றுகிற அன்று போனேன். நடையின் நடுவாக மேலிருந்து கீழ்வரை ரம்பத்தால் அறுத்து, வீடு இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியும் ஜாக்கியில் உயர்ந்து நின்றது. மயிலோ கோழியோ, அந்த வால்பேப்பர் மூடாமல் காற்றில் படபடத்தது. முதலில் கட்டிய அந்த மனிதரின் நூறு வருஷத்து மூட்டுகளில் ஒன்றுகூடப் பிரியவில்லை, அறுத்த இடம் மட்டும்தான் புண். உள்ளே போக விடவில்லை, ஹெல்மெட் போட்ட ஒருவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். நின்றேன். புல்லில் நின்றபடி, யாருக்கும் கேட்காமல், செய்யாமல் விட்ட வேலையை முடித்தேன். "ஏழாயிரத்து முன்னூற்றுப் பதினைந்து," என்றேன், கையெழுத்துப் போட்ட தாளில் இருந்த எண்ணை. கொஞ்சம் பொறுத்து, "விடுங்க," என்றேன்.

வீடு போய்விட்டது. இப்போது அங்கே ஆறு சாம்பல் கேரேஜ் கதவுகள்.

டேப் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அண்ணன் கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து அது முழுக்கச் சுருளவில்லை. எவ்வளவு வெளியே இழுத்து விட்டாலும் கடகடவென்று ஓடி வந்து கடைசியில் ஒன்பது அங்குலம் வெளியே நின்றுவிடுகிறது. கருவிக் கடையில் காட்டினேன், ஸ்பிரிங் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்றார்கள். ஸ்பிரிங் போனது தொளதொளவென்று இருக்கும். இது, அந்த நுனியைத் தொட்டால், இழுக்கிறது. முரட்டுத்தனமாக இல்லை. பதினோரு வருஷமாக என் விரலுக்குத் தெரிந்த இழுப்பு அது, எண் பிழை, திரும்பப் பார் என்று அண்ணன் நிற்பாரே, அது.

சரியான எண் எனக்குத் தெரியும். அன்று வாசலில் குனிந்து நானே படித்தது, 7085. அதைச் சொன்னால், அன்று அந்த நடையில் நுனியைப் பிடித்தவர் விட்டுவிடுவார். இன்றுவரை நான் சொல்லவில்லை.